சுபோதினியின் மஞ்சள் குறிப்புகள்

புத்தகத்தை மேசையில் விரித்து, இடது முழங்கையால் ஒரு பக்கத்தை அமுக்கி, மறுபக்கத்துக்கு நேர் மேலே போனைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுக்கிறார் சுபோதினி. நிழல் விழுந்துவிட்டது. நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு மீண்டும் எடுக்கிறார். எதிரே வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்தியபடி ஒருவர் நிற்கிறார்.

"தங்கச்சி, நம்பர் ஒண்டு..."

"ஒரு நிமிஷம் அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. உங்கட நிழல்தான் விழுகுது."

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் கிளினிக் அது. வரவேற்பு மேசையில் சுபோதினி இருந்து பதினொரு வருடமாகிறது. வயது நாற்பத்தாறு. பாமன்கடையிலிருந்து நடந்தே வருவார். என்னுடைய கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கனால் செய்ய ஆறு தடவை போகவேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் காத்திருந்தேன். டொக்டர் என் பல்லைப் பார்த்த நேரத்தைவிட நான் சுபோதினியைப் பார்த்த நேரம் அதிகம்.

அவர் புத்தகத்தை வாசிப்பதில்லை, பதிவுசெய்கிறார். ஒரு வரி பிடித்தால் படம். அந்தப் படத்தைப் போன் எழுத்தாக மாற்றித் தரும். 'கண்ணீர்' என்று இருந்தால் 'தண்ணீர்' என்று தரும்; உட்கார்ந்து திருத்துவார். பிறகு நிறம். அழகான வரிக்கு நீலம். அவர் உடன்படாத இடத்துக்குச் சிவப்பு. அடுத்த நாள் திரும்பப் பார்க்க வேண்டியதற்கு மஞ்சள். ஒவ்வொன்றின் கீழும் அவருடைய சொந்த அபிப்பிராயம். இதற்காக இதுவரை நான்கு செயலிகளை மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய குறிப்புகளைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக மூன்று வாரம் பிடிக்கும். அந்த மூன்று வாரமும் வாசிப்புக்கு விடுமுறை.

"சிஸ்டம் இன்னும் முழுசா வரேல்ல அண்ணா" என்பார். "அது மட்டும் வந்திட்டுதெண்டால், பிறகு வாசிப்புத் தண்ணி மாதிரி ஓடும்."

நடந்து வரும்போது குரலில் பதிவு. போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு, "அவன் கோழை. இந்தப் பொம்பிளை அவனை நம்பியிருக்கக் கூடாது" என்று சொல்லியபடி பாமன்கடைச் சந்தியைக் கடப்பார். முச்சக்கர வண்டிக்காரர்கள் வழிவிட்டு நிற்பார்கள். ஆனால் அந்தப் போனுக்கு நம்முடைய தமிழ் பிடிபடவில்லை. 'வெளிக்கிட்டான்' என்றால் 'வெள்ளி கேட்டான்' என்று எழுதியது. ஓர் இடத்தில் ஆசிரியருடன் உடன்பட்டு அவர் "ஓம், ஓம், ஓம்" என்றபோது மூன்று பிரணவக் குறிகளைப் போட்டு வைத்தது.

இவ்வளவுக்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் சிட்னியிலிருந்து வந்த பள்ளிச் சிநேகிதி ஒருத்தி, "நீ எனக்கு வாசிக்கத் தந்த அந்தப் புத்தகம்தான் என்னை மாத்தினது" என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். சுபோதினிக்கு அந்தப் புத்தகத்தில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

"அட்டை நீலம் எண்டு மட்டும் தெரியுது. உள்ளுக்கு என்ன இருந்ததெண்டு துப்பரவாத் தெரியேல்ல. அவள் அழுகிறாள், நானும் சும்மா சேர்ந்து அழுதனான். முப்பது வருஷமா வாசிச்சதெல்லாம் எங்க போச்சுது அண்ணா?"

இதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இல்லை.

விபரீதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. ஒன்பதாயிரம் பக்கப் படங்களால் அவருடைய போன் நிரம்பி, இனி ஒரு வரிக்கும் இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. தற்காலிகமாக அன்றைய மஞ்சள் குறிப்புகளைக் கிளினிக் போனில் போட்டு வைக்கத் தீர்மானித்தார். அதிலுள்ள வட்ஸ்அப்பில் தான் ஒருவர் மட்டுமே உறுப்பினராக ஒரு குழுவைத் தொடங்கி, அடுத்த நாள் பார்க்க வேண்டியவை என்பதால் 'நாளை' என்று பெயரும் வைத்தார். அந்தப் போனில் ஏற்கெனவே ஒரு 'நாளை' இருந்தது. அடுத்த நாள் வரவேண்டிய நோயாளிகளின் பட்டியல் அது. அதில் ஒரு செய்தியைப் போட்டால் அத்தனை பேருக்கும் போகும். இரண்டு நாளைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

பிற்பகல் மூன்று மணிக்கு நான் பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். கிளினிக்கிலிருந்து செய்தி வந்தது. நாளை பத்தேகாலுக்கு வரச் சொல்லித்தான் இருக்கும் என்று திறந்தால், இப்படி இருந்தது: 'நல்ல மனிசன்தான். ஆனால் இருபது பக்கத்துக்கு மேல் இவரைத் தாங்க ஏலாது.'

நான் எழுதிப் பிழைக்கிறவன். அதை மூன்று தரம் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. நான்காவது தரம் வாசிக்கும்போது அடுத்தது வந்தது: 'பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.'

நாற்பது நிமிடத்தில் பதினொரு செய்திகள், பதினான்கு பேருக்கு. நிலூஷா என்ற சிங்களப் பெண் ஒருத்தி தனக்கு வந்ததில் ஒன்றைக் கீழே மருந்துக்கடையில் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறாள். 'இவளுடைய அழகே இவளுக்குச் சத்துரு' என்பது அது. நேரே மாடியேறி வந்து, "மம மொகத்த களே, அக்கே?" என்று, தான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்ட பிறகுதான் சுபோதினிக்கு விஷயம் விளங்கியது. உடனே திருத்தம் ஒன்று அனுப்பினார்: 'முன்னர் வந்த குறிப்புகள் உங்களைப் பற்றியவை அல்ல. ஒரு கதையில் வருகிற ஆட்களைப் பற்றியவை. சிரமத்துக்கு வருந்துகிறோம். நாளை பல் துலக்கிவிட்டு வரவும்.' இரண்டு பேர் அதை வாசித்த பிறகு வருவதில்லை என்று அறிவித்தார்கள்.

மறுநாள் நான் போனபோது டொக்டர் உஷாந்தியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சுபோதினியைவிடப் பத்து வயது இளையவர் டொக்டர். கோபத்திலும் 'அக்கா'வை விடவில்லை.

"அக்கா, சிரிக்கிற ஆக்களை நம்பாத டொக்டரிட்ட நான் எப்பிடிப் பல்லுக் கட்ட வாறது எண்டு ஒரு அம்மா என்னட்டயே கேக்கிறா. நான் என்ன சொல்ல? இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நான் வேற ஆளைத்தான் பாக்க வேணும், அக்கா."

"ஓம் டொக்டர்."

"அந்த நாளையை இப்பவே அழியுங்கோ."

"ஓம் டொக்டர்."

சுபோதினி வெளியே வந்து போனை எடுத்தார். உள்ளேயிருந்து டொக்டரின் குரல் வந்தது. "எந்த நாளை எண்டு பாத்து அழியுங்கோ."

அப்போதுதான் இராசரத்தினம் படியேறி வந்தார். கொட்டாஞ்சேனையில் இருப்பவர், சுங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். முழுக்கைச் சட்டை, கையில் குடை. பல் பிடுங்க நான்கு தடவை நாள் குறித்து, நான்கு தடவையும் வராமல் விட்டவர். மழை என்றார், பஸ் இல்லை என்றார், ஒரு முறை சதுர்த்தி என்றார். ஐந்தாவதாகக் குறித்த நேரம் இன்று மத்தியானம்; அதற்கு முன்பே நேராக மேசைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு தன் போனிலிருந்து உரக்க வாசித்தார்.

"'பயந்தவன் எங்கெங்கே போகவில்லை என்று எழுதினால், அதுதான் அவன் சரித்திரம்.' இதை ஆர் எழுதினது?"

சுபோதினி எழுந்து நின்றுவிட்டார். "அது உங்களுக்கில்லை ஐயா. ஒரு நாவலில வாறது. ஒருத்தனுக்குத் தண்ணியெண்டால் பயம். தீவில இருக்கிற தமக்கையைப் பாக்கப் போக வேணும். துறைவரைக்கும் வருவான், வள்ளத்தில ஏற மாட்டான், திரும்பிப் போயிடுவான்."

"எத்தினை நாளா?"

"பதினாலு வருஷமா."

இராசரத்தினம் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். குடையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்தி அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பயந்தனான் எண்டு டொக்டரோ சொன்னவ?"

"சத்தியமா இல்லை ஐயா."

"பயந்தனான்தான்" என்றார் அவர், குடைப்பிடியிடம். பிறகு நிமிர்ந்தார். "இப்பவே பிடுங்கச் சொல்லுங்கோ. பிறகெண்டால் நான் வர மாட்டன்."

என்னுடைய பத்தேகாலை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, வாயில் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது. மருந்துச் சீட்டை வாங்கவில்லை. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, பஞ்சுக்கு மேலால் ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"அவன்... ஏறினவனோ?"

டொக்டர் ஏசியபோதுகூடச் சுபோதினியின் முகம் அப்படி மாறவில்லை.

"தெரியாது ஐயா. நான் இன்னும் எழுபத்திரண்டாம் பக்கத்திலதான் நிக்கிறன்."

"எப்ப... துவங்கினது?"

"தைப்பொங்கலுக்கு."

அப்போது ஆனி மாதம். புத்தகம் முந்நூற்று நாற்பது பக்கம். அதிலிருந்து எடுத்த குறிப்புகள் மட்டும் இருநூற்றாறு. நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டேன், இந்தச் சிஸ்டம் தொடங்கிய பிறகு எத்தனை புத்தகம் முடித்திருப்பார் என்று. சுபோதினி போனில் விரலை மேலே தள்ளிக்கொண்டே போனார். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"தொடங்கினது பத்தொன்பது" என்றார் கடைசியில். பிறகு, அவரே அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல, "முடிச்சது ஒண்டுமில்லை" என்றார்.

இராசரத்தினம் பஞ்சை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "வாற புதன் தையல் வெட்ட வருவன். அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்கோ." துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன அதே குரலாக இருக்க வேண்டும்.

அடுத்த புதன் எனக்கு ஆறாவது தடவை, பல்லுக்கு மூடி போடும் நாள். சுபோதினியின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் ஆள் உற்சாகமாக இருந்தார். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாசிக்க உட்கார்ந்தாராம். அதற்கு முன் போனைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் புதைத்திருக்கிறார்.

"வீட்டுக்காரர் அரிசி எடுக்கப் போய்க் கண்டிட்டு, போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுதோ எண்டு கேட்டவர். ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

ஒரு படமும் எடுக்கவில்லை. "கை துடிச்சது அண்ணா. நூற்றிப் பத்தாம் பக்கமோ என்னவோ, ஒரு வரி வந்தது. இப்ப அது என்னெண்டு சொல்ல வரேல்ல. ஆனால் அந்த இடத்தில நான் கதிரையை விட்டு எழும்பி நிண்டனான்."

இராசரத்தினம் வந்தார். தையல் பற்றி அவர் பேசவே இல்லை. சுபோதினி மேசையின் முன்பக்கம் வந்து, நின்றபடியே கதையைச் சொல்லத் தொடங்கினார். போன் இல்லை, குறிப்பு இல்லை. நடுவில் ஒரு பெயர் மறந்துபோய், "அந்த நொண்டிக் கிழவன்" என்று சமாளித்தார். தமக்கை அனுப்பிய கருவாட்டுப் பொதியைச் சொல்லும்போது கையால் அதன் பாரத்தைக் காட்டினார். கிளினிக் தொலைபேசி அடித்து ஓய்ந்தது; மீண்டும் அடித்தது. டொக்டர் உஷாந்தி ஏசுவதற்கென்று கையுறையோடு வாசலுக்கு வந்தார். வந்தவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"கடல் நல்லாக் கொந்தளிக்குது. எல்லாரும் ஏறியிட்டினம். வள்ளக்காரன் கையை நீட்டுறான். இவன் செருப்பைக் கழட்டிக் கையில எடுக்கிறான்."

சுபோதினி நிறுத்தினார்.

"பிறகு?" என்றது டொக்டர்.

"ஏறினவனோ பிள்ளை?" என்றார் இராசரத்தினம்.

"அதை நான் சொல்லக் கூடாது ஐயா. நீங்களே வாசியுங்கோ." மேசை லாச்சியைத் திறந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

இராசரத்தினம் இரண்டு கைகளாலும் அதைப் பற்றினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நல்ல இடம் வந்தால் பேனையால ஒரு கோடு போடலாந்தானே?"

அவர் இழுத்தார். புத்தகம் வரவில்லை. மறுமுனையில் சுபோதினியின் பெருவிரல் அட்டையை இன்னும் அமுக்கிப் பிடித்திருந்தது.