அர்ச்சகரிடம் அடித்த ஜோக்

திருப்பதியில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன்; அதாவது அரியர் வைத்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவள் சித்தூர் காவ்யா. பைக்கில் சேர்ந்து ஊர் சுற்றுவோம். ஜாலியாக இருப்போம், காதல் கீதல் வேண்டாம் என்பது நான் போட்ட கண்டிஷன்.

ஒரு சனிக்கிழமை நாராயணவனம் கோயிலுக்குக் கூப்பிட்டாள். சாமிக்கே கல்யாணம் நடந்த ஊர் அது. கல்யாணம் கூடிவர வேண்டுகிறவர்களும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களும்தான் அங்கே அதிகம். அர்ச்சகர் எங்களைப் பார்த்து, "கொத்தகா பெள்ளி அயிந்தா?" என்று தெலுங்கில் கேட்டார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா என்கிறார்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஆமா சாமி, போன வாரம்தான்" என்றேன்.

அவர் இருவர் பெயரையும் கேட்டு, சேர்த்து மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும், காவ்யா விருட்டென்று வெளியே போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"இன்னா காவ்யா, சும்மா கலாய்ச்சேன்."

"எல்லாத்தையும் கலாய்ச்சிக்கினே இரு. நான் இங்க நெஜமாவே வேண்டிக்கினு நின்னேன்டா. இனிமே உன்கூட வரமாட்டேன். பஸ்ஸுல போய்க்கிறேன்."

யாரை நினைத்து வேண்டினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஜோக்கும் வரவில்லை. உள்ளே போய், வரிசையே கேட்கும்படி, "சாமி, பொய் சொல்லிட்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகல. அவ பேருக்கு மட்டும் அர்ச்சனை பண்ணுங்க. அவ கேட்டது நடக்கட்டும்" என்றேன்.

அர்ச்சகர் முறைத்தார். பின்னாலிருந்து காவ்யா வந்து, "தள்ளி நில்லு" என்று என் பக்கத்திலேயே நின்றாள்.

எனக்கு இப்போதும் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஆனால் அன்று கண்ணை மூடி முதல்முறையாக ஒன்று கேட்டேன். அது என்னவென்று அவளுக்கு மட்டும் தெரியும்.