டைகருக்கு வந்த மருந்துப் பசி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை மருத்துவராக இருந்தேன். ஒருநாள் தண்டலம் பக்கத்து நட்டு, போல்ட்டுக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

“டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு இந்த நாய முடிச்சிடுங்க. சொறி. லேபருக்கு ஒட்டிக்கும்.”

வாட்ச்மேன் சூசை, டைகரைக் காலிடுக்கில் ஒளித்துக்கொண்டு நின்றார். மூக்கு, காது, பாதமெல்லாம் பொருக்கு. உடம்பு கருகருவென்று மின்னியது. தொட்டால் கை வழுக்கியது.

“என்னத்தத் தடவினீங்க?”

“லேத்துல வடியற பழைய ஆயிலும்மா. ஷிஃப்டுக்கு ஒரு தபா தடவிக்கினுதான் கீறோம். மிஷினுக்கே கேக்குது, நாய்க்குக் கேக்காதா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டவைத்து, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சொறிப் பூச்சி ஒன்றுகூட இல்லை. கொப்புளத்து நீரையும் பார்த்த பிறகு சந்தேகம் தீர்ந்தது. பெம்ஃபிகஸ் என்ற தோல் நோய். யாருக்கும் ஒட்டாது.

“உடம்பக் காவல் காக்கிறதே ஆள் தெரியாம சொந்தத் தோலை அடிக்குது சார். வாட்ச்மேன் முதலாளியையே திருடன்னு பிடிச்ச மாதிரி,” என்று விளக்கினேன்.

மேனேஜர் சூசையை முறைத்தார். போன மாதம்தான் சூசை, நட்டு ஏதும் இருக்கிறதா என்று முதலாளியின் டிபன் கேரியரையே திறந்து காட்டச் சொன்னாராம். எனக்கு எப்படித் தெரியும்?

“ஆயுத பூஜைக்கு முதலாளி வர்றாரு. அதுக்குள்ள ஆறலன்னா ஊசிதான்,” என்றார் மேனேஜர்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன். பசி அதிகம் எடுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சூசை தலையாட்டினார். நோயாளிக்குப் பசித்தால் நல்லதுதானே என்று நினைத்திருப்பார்.

ஆயுத பூஜையன்று போனேன். பொருக்கு உதிர்ந்து மூக்கு கறுப்பாகப் பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை. லேத்துக்குப் பொட்டு வைத்து, முன்னால் பெரிய இலையில் பொரியும் சுண்டலும் வாழைப்பழமும் படைத்திருந்தார்கள். முதலாளி கற்பூரத் தட்டோடு திரும்பினார். இலை காலி. டைகர் வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுகொண்டிருந்தது.

“யார் நாய் இது?”

சூசை கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊசி என் பையில்தான் இருந்தது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

“நம்ம நாய்தான் சார். மாத்திரை சாப்பிடுது, அப்படித்தான் பசிக்கும். நான்தான் தினம் இட்லிக்குள்ள வெச்சுக் குடுக்கறேன்.”

முதலாளி அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். “வேற இலை போடுங்கப்பா,” என்றார்.

இளைய மருத்துவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த மாத்திரையை எழுதினால் நாய்க்காரரிடம் மட்டும் சொன்னால் போதாது. சாமிக்குப் படைக்கிறவரிடமும் சொல்லிவையுங்கள்.