அறுவதுல ஒரு பங்கு

டிராவல்ஸ் வண்டி ஓட்றவன் காது குப்பத்தொட்டி மாதிரி; பின்சீட்டுல ஒக்கார்றவங்க இருக்கறதெல்லாம் கொட்டிட்டு எறங்கி போய்க்கினே இருப்பாங்க. ஸ்டீரிங் புடிச்சி முதுகு ஒடிஞ்ச என் சொந்தங்களே, உங்களுக்கு தெரியாததா.

எனக்கு வாச்ச சவாரி ஒரு யூத சாமியாரு. கொச்சில பொறந்து இஸ்ரேலுக்கு போனவரு. கும்முடிபூண்டி கம்பெனிங்க வெளிநாட்டுக்கு அனுப்பற தின்ற சரக்கு, அவங்க மத சட்டப்படி சுத்தமான்னு பாத்து சர்ட்டிபிகேட் குடுக்க வருவாரு. வழியெல்லாம் தல்மூத்னு ஒரு தடி புக்க படிச்சிக்கினு, மலையாளம் கலந்த தமிழ்ல எனக்கும் வெளக்குவாரு. நான் கேட்டுக்கினதே என் பொண்டாட்டி கஸ்தூரிக்காகத்தான். கிட்னி ரெண்டும் போயி டயாலிசிஸ்ல கெடந்தவள, இவரு கதைய சொல்லித்தான் சிரிக்க வெப்பேன்.

வெளுத்த மூஞ்சி

மசாலா எசன்ஸ் கம்பெனி ஒண்ணுல, மிருகக் கொழுப்பு கலந்த டிரம்ம தார்ப்பாய் போட்டு மறச்சி வெச்சிருந்தான் சூப்பர்வைசரு. சாமியாரு ஓரத்த தூக்கி பாத்தாரு, கீழ உட்டாரு. சுத்தி ஆளுங்க, மேனேஜரு வேற. டீ குடிக்க வான்னு சூப்பர்வைசர மட்டும் தனியா இட்டுக்கினு போயிதான் சொன்னாரு. டிரம் வெளிய போனப்பறந்தான் சர்ட்டிபிகேட்.

"இன்னா சார், அங்கயே கிழிச்சி தோரணம் கட்டிருக்க வாணாமா?"ன்னேன்.

"ஏழுமல, நாலாளு முன்னாடி ஒருத்தன் மூஞ்சிய வெளுக்க வெச்சா, அது ரத்தம் சிந்தின மாதிரியாக்கும்."

வேன் சவாரி

நோயாளிய பாக்க போறவன், அந்த நோவுல அறுவதுல ஒரு பங்க எடுத்துக்கினு போறானாம். புக்குல போட்டுகீது. நான் உடுவனா?

"அப்ப எங்க மணவாள நகர்லருந்து அறுவது பேர வேன்ல அள்ளிப் போட்டாந்தா, கஸ்தூரி எழுந்து ஊட்டுக்கு நடந்தே வந்துருவா, இல்ல?"

அவரு சிரிக்கல. என் கேள்விய அந்த புக்குலயே எவனோ எப்பவோ கேட்டு வெச்சிருக்கான்.

"ஒவ்வொருத்தனும் மிச்சம் இருக்கறதுலதான் அறுவதுல ஒண்ணு எடுப்பான், ஏழுமல. கொறையும், தீராது. வண்டிய ஆஸ்பத்திரிக்கு திருப்பு, என் பங்க நான் எடுக்கணும்."

பேசாத சவாரி

அன்னிக்கி கட்டிலாண்ட நின்னு அவரு பங்கு கேட்டப்ப, "மொத்தமா எடுத்துறாதீங்க சாமி, என் ஊட்டுக்காரருக்கும் கொஞ்சம் உட்டு வெய்யுங்க"ன்னு சிரிச்சா கஸ்தூரி.

அடுத்த தபா அவரு வந்தப்ப அவ போயி சேந்துட்டா. சேதி தெரிஞ்சி ஊட்டுக்கே வந்தாரு. மாலை போட்ட படத்துக்கு முன்னாடி, தரையில, எம்பக்கத்துல ஒக்காந்தாரு. வாய தொறக்கல. காபி கொண்டாந்த பக்கத்து ஊட்டு அக்கா, "ஊமையா இந்தாளு?"ன்னு எங்கிட்ட கேக்குது. எனக்கும் பேச்சு வரல. ஊரே வாயாடின்னு சொல்ற எனக்கு. காபி ஆறிப்போயி ஏடு கட்டுச்சி. கடசீல நாந்தான், "அவ சொன்னாப்லயே எனக்கும் ஒரு பங்கு உட்டு வெச்சிட்டு போய்ட்டா சார்"ன்னேன்.

அவரு என் கைய புடிச்சாரு.

"துக்கப்பட்டவன் வாய தொறக்கற வர வந்தவன் பேசக்கூடாது, அதாக்கும் எங்க சட்டம். இப்ப நீ பேசிட்ட. சொல்லு ஏழுமல, அவ என்னத்துக்கெல்லாம் சிரிப்பா?"

குப்பத்தொட்டி ரொம்பிப்போச்சி, கொட்றதுக்கு அவ காது இல்ல, அதான் உங்க காதுல கொட்டிட்டேன், பேஜாரா இருந்தா தொடச்சிக்கினு வண்டிய எடுங்க.