தீவுல நட்ட வலைக்கம்பு

பறவைக் காலுக்கு வளையம் மாட்டற வேலைக்கு மொதல்ல கம்பு நடணும், அப்பதான் வலை நிக்கும்; அந்தக் கம்பைத்தான் அன்னிக்குக் காலையில தீவு சனம் மொத்தமும் புடுங்கிக்கினு இருந்தாங்க.

கோடு

வலையில உள்ளான் குருவிங்க மாட்டிக்கினு துடிக்கிறப்பவே கம்பு சாயுது. சத்தியவேட்டுக்குக் கெழக்கே, பழவேற்காடு ஏரி நடுவுல இருக்கற தீவு அது. மெட்ராஸா ஆந்திராவான்னு அப்போ முடிவாகல. மூங்கிலை நேரா வரிசையா நட்டதைப் பார்த்து, ஊரை ரெண்டாப் பிரிக்க சர்வே ஆளுங்க வந்துட்டாங்கன்னு நெனைச்சிட்டாங்க. வளையம் மாட்ட வந்த எங்க முகாம் தலைவர், இது குருவி வலைதான்னு தமிழ்ல சொல்லி, தெலுங்குல சொல்லி, கடைசியில இங்கிலீஷ்ல கெஞ்சினார். மீன் விக்கற முனியம்மா, புடுங்கின கம்பைத் தோள்ல சாய்ச்சிக்கினு என்னைக் கேட்டாங்க: "இந்தப் பக்கம் எங்க வூடு, அந்தப் பக்கம் எங்க படகு. நாளைக்கு எந்த ஊரு தாசில்தாரைக் கேட்டுக்கினு நாங்க மீன் புடிக்கப் போறது?"

லீவு

லீவுக்குப் பொய் சொல்லிப் பழகின உங்களுக்கு என் நெலமை புரியும். நான் திருப்பதியில ஒரு சர்க்கார் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. இதைக்கூட மேனேஜர் காபிக்குப் போன நேரத்துலதான் அடிச்சிக்கினு இருக்கேன்.

கம்பைப் புடுங்கினதுக்கு முந்தின வருசம் பங்குனியில, அதே தீவுல, மொத மொதல்ல என் கையால ஒரு உள்ளானுக்கு வளையம் மாட்டினேன். உள்ளங்கையில அடங்கற ஒடம்பு. அது இமயமலை தாண்டிப் போயி முட்டை வெச்சி, குளிருக்குத் திரும்பி, பங்குனியில மறுபடி கெளம்பும்னு சொன்னா ஆபீஸே சிரிச்சிது. அதே பறவை அதே சேத்துல திரும்பக் கெடைக்கணும், வளையத்துல இருக்கற நம்பரைப் பார்த்துட்டு உசுரோட பறக்க விடணும். அதுக்குத்தான் லீவு கேட்டேன். மேனேஜர் எல்லைத் தகராறு மனுக் கட்டை என் மிஷின் மேல வெச்சிட்டு சொன்னார்: "மனுசன் எந்தப் பக்கம்னே தெரியாம மனு போட்டுக்கினு இருக்கான், நீ உள்ளான் எந்தப் பக்கம் போவுதுன்னு பார்க்கப் போறியா?" கடைசியில காய்ச்சல்னு பொய் சொல்லித்தான் கெளம்பினேன்.

சேறு

கம்பெல்லாம் புடுங்கின அப்புறம்தான் சனத்துக்குக் கோவம் அடங்குச்சு. வலை சேத்துல சுருண்டு கெடந்துச்சு. நாங்க சிக்கு எடுக்கறதைப் பார்த்துட்டு முனியம்மாவும் பக்கத்துல வந்து குந்தினாங்க. நெறைய பறந்துடுச்சு. அடியில ஒண்ணு மட்டும் பறக்கல, ஒடம்பு சில்லிட்டுக் கெடந்துச்சு. காலைத் தொடைச்சேன். வளையம் இருந்துச்சு. நம்பரைப் பார்த்தேன், போன வருசம் நான் மாட்டினது.

அது எங்கெல்லாம் போயிட்டு இங்க வந்துச்சுன்னு அவங்க கிட்ட சொன்னேன். முனியம்மா அதை வாங்கி, மூக்குல இருந்த சேத்தை முந்தானையால தொடைச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "வந்தன்னிக்கே எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கம்பை நாங்களே புடிச்சிக்கினு நின்னிருப்போமே நைனா."

பின்னால எல்லை நெசமாவே முடிவாச்சு, சர்க்கார் நட்ட கல்லை ஒருத்தரும் புடுங்கல.