மாரப்பன் மீது நடந்த வழக்கும் அர்த்தநாரி மாஸ்டரும்

சேலத்தில் வக்கீலாக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. "அர்த்தநாரி சார் நேத்துக் காலையில போயிட்டாருங்க" என்றார். ராசிபுரம் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கும் அவர் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்து, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் காலம் தள்ளியவர்கள் நாங்கள். அவரிடம் படித்தவர்கள் பலர் இதைப் பார்ப்பார்கள் என்பதால் நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். அது அவருக்குப் பிடிக்காது.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்கிற இன்டைரக்ட் ஸ்பீச் பாடம் நம் பிள்ளைகளுக்கு எமனாக இருந்தது. அர்த்தநாரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பையே கோர்ட்டாக்கிவிடுவார். ஒரு பையன் நீதிபதி, ஒருவன் குற்றவாளி, இரண்டு பேர் வக்கீல், மீதிப் பேர் சாட்சிகள். எடப்பாடியில் ஆடு திருட்டு, பனமரத்துப்பட்டி ஏரியில் வலை திருட்டு என்று வருஷத்துக்கு ஒரு வழக்கு ஜோடிப்பார். போலீஸ்காரர் என்ன கேட்டார், குற்றவாளி என்ன சொன்னான் என்பதைச் சாட்சிகள் 'ஹி ஸெட் தட்' என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் தூங்கி வழிகிற பயல்கள் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். வருஷா வருஷம் ஒரு ஆட்டைத் திருடியே பிழைப்பை ஓட்டுகிறீர்களே என்று சீண்டுவேன். "நீங்களும் ஒரு ஆட்டத் திருடிப் பாருங்க, அப்பறம் எவன் தூங்கறான்னு பாக்கலாம்" என்பார்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். கோடை தொடங்கும்போது பள்ளிக்கூடத்துப் பித்தளைத் தண்ணீர் அண்டாவைக் காணவில்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாரப்பன். அந்த வாரம்தான் அர்த்தநாரி இன்டைரக்ட் ஸ்பீச் நடத்த வேண்டியிருந்தது. இந்தத் தடவை அண்டா கேஸையே நடத்தலாம் என்று பையன்கள் கேட்டார்கள். உண்மையான விஷயமென்றால் இன்னும் சுறுசுறுப்பாகப் படிப்பார்கள் என்று நினைத்து அவரும் ஒப்புக்கொண்டார். கூண்டில் நிற்க மாரப்பனையே கூப்பிட்டார்கள். "புள்ளைங்க படிக்கறதுக்குன்னா நிக்கறனுங்க சாமி" என்று சிரித்துக்கொண்டே வந்து பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்.

பக்கத்து வகுப்பிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாரப்பன் துண்டுக்கடியில் எதையோ மூடி எடுத்துப் போனதைத் தன் மனைவி பார்த்ததாக ஒரு வண்டிக்காரர் சொன்னார் என்று தன் மாமா சொன்னதாக ஒருவன் சொன்னான். இங்கிலீஷில் ஒரு பிசகில்லை. அர்த்தநாரி 'வெரிகுட்' என்றார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. ஒருவனும் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய அண்டா ஒரு துண்டுக்குள் அடங்குமா என்றும் யாரும் கேட்கவில்லை. நீதிபதிப் பையன் ஜெயில் தண்டனை கொடுத்தான். என்ன சொல்கிறார்கள் என்று மாரப்பன் கேட்டார். ஒருவன் தமிழில் சொன்னதும் அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் அது ஊருக்குள் போய்விட்டது. போகிற வழியில் பாடம் என்பது கழன்று விழுந்து, வாத்தியார் விசாரித்ததில் மாரப்பன் குற்றத்தை ஒத்துக்கொண்டான் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூட நிர்வாகி, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று மாரப்பனுக்குச் சொல்லியனுப்பினார். அர்த்தநாரி ஓடிப்போய், அது வெறும் பாடம் என்று மன்றாடினார். பாடமென்றால் ஒரு ஆளை ஏன் கொண்டுவந்து நிறுத்தினீர்கள் என்று நிர்வாகி திருப்பிக் கேட்டார். சில நாளில் மாரப்பன் குடும்பத்தோடு மேட்டூருக்கு மண் சுமக்கப் போய்விட்டார்.

மழைக்காலத்தில் அண்டா திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஈயம் பூசக் கொடுத்திருக்கிறார். மறுநாளே காய்ச்சலில் படுத்து ஊருக்குப் போனவர் மாசக்கணக்கில் திரும்பவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஈயம் பூசுகிறவர் சாவகாசமாக வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே பளபளவென்று இருந்தது. அர்த்தநாரி அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாளே மேட்டூர் போனார். நானும் கூடப் போனேன். மாரப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நிர்வாகி சம்மதித்துவிட்டார், வேலைக்கு வந்துவிடு என்று அர்த்தநாரி கெஞ்சினார். மாரப்பன் மண் கூடையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அண்டா வந்துருச்சுன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க, சரிங்க சாமி. ஊருக்குள்ள எத்தன ஊட்டுக்குப் போயிச் சொல்லுவீங்க?"

அர்த்தநாரி சொல்லத்தான் செய்தார். சந்தை நாளில் கடை கடையாக நின்று, மாரப்பன் எடுக்கவில்லை, தப்பு தன்னுடையது என்று சொன்னார். கூச்ச சுபாவமுள்ள மனுஷர், வகுப்புக்கு வெளியே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நிலக்கடலை விலை பேசப் போனார்கள். திருட்டுப் பட்டம் ஒரு சாயங்காலத்தில் ஊரைச் சுற்றி வந்தது. இது சந்தையைக்கூடத் தாண்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது.

அதன்பிறகு அவர் வகுப்பில் கோர்ட் நடக்கவில்லை. எவனாவது 'ஹி ஸெட்' என்று வாயெடுத்தால், "நீ இருந்தியா அங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக விடுவார். பின்னாளில் படித்தவர்கள் அதை அவருடைய கிறுக்கு என்று நினைத்துச் சிரித்திருப்பீர்கள். "கேட்டதச் சொல்லலாம். ஆனா காதுல கேட்டதுதான், கண்ணுல பாக்கலேன்னும் சேத்துச் சொல்லோணும்" என்பார்.

அவரைக் கடைசியாகப் படுக்கையில் பார்த்தேன். என் மகளை மேட்டூரில் கொடுத்திருப்பதால் நான் அங்கே போய்வருவது அவருக்குத் தெரியும். "மாரப்பனப் பாத்தீங்களா? எம்மேல வருத்தமில்லேன்னு ஏதாச்சும் சொன்னானுங்களா?" என்று கேட்டார். அணை வேலை முடிந்து, அந்த ஆட்கள் கலைந்து வருஷங்களாகின்றன. நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். அது என் வாய்வரை வந்தது. "பாக்கலீங்க. யாரும் ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "இல்லாததச் சொல்லாம இருந்தீங்களே, அது போதுங்க" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தையைத்தான். அதை நினைக்கும்போதெல்லாம் ஆறுதலும் வருகிறது, அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேனே என்ற வேதனையும் வருகிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மாரப்பன் இருக்கிற இடம் தெரிந்தால், அர்த்தநாரி கடைசிவரை அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். தைரியமாகச் சொல்லலாம். பக்கத்தில் நான் இருந்தேன்.