பூச்சிப் பெட்டிக்கு ஒரு பல்ப்

1. வெள்ளிக்கிழமை பின்னேரம், ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த பாம்புப் பெட்டியின் வெப்ப பல்ப் பழுதாகிப்போனது.
2. வரவேற்பு மேசை அக்கா ஸ்டோருக்குத் தொலைபேசி எடுத்து, "பூச்சிப் பெட்டிக்கு ஒரு பல்ப் வேணும்" என்றார்.
3. ஸ்டோர் நானா, சமையலறையில் ஈக்களைப் பொறிக்கு இழுக்கும் ஊதா பல்பைக் கொடுத்தனுப்பினார்.
4. அது நீளமாக இருந்ததால், மேனேஜர் பல்பைச் சுற்றியிருந்த கம்பிக் கூட்டைக் கழற்றினார். டைமரையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியையும் விட்டுவிட்டு நேரே சொருகினார்.
5. நான் லீவில் வாகரையில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.
6. திங்கள் காலை வரை அந்த பல்ப் அணையவே இல்லை.

பாசிக்குடாவில் உள்ள இந்த ஹோட்டலில் மின்வேலைகள் என் பொறுப்பு. பாம்பு, முதலாளி வளர்ப்பது. வெளிநாட்டு இனம், விஷமில்லாதது, என் கை நீளம்கூட இராது. அதன் பெட்டிக்கு வெளிச்சம் அமைத்தவள் நான். பல்ப் ஒரு மூலையில் மட்டும். மற்ற மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பாம்பு பல்பைத் தொடாதபடி கம்பிக் கூடு. சூடு கூடினால் தானாக நிறுத்தும் கருவி. மாலையில் அணைக்க டைமர். அந்த அறையில் ஏசி இரவுபகலாக ஓடும். குளிர்ந்துபோன பாம்பு சூட்டைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், தோல் வேகும்வரை விலகாது. அதற்காகத்தான் கூடு.

திங்கள் நான் பார்த்தபோது அது பல்பின் அடிப்பக்கத்தில் சுற்றிக் கிடந்தது. வயிற்றுச் செதில்கள் பழுப்பாகச் சுருங்கியிருந்தன. இடது கண் வெள்ளைப் படலமாக இருந்தது. பாம்புக்கு இமை இல்லை. மூன்று இரவுகள் அந்த ஊதா வெளிச்சத்தை மூட முடியாத கண்ணால் பார்த்துக் கிடந்திருக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு அக்காவிடம் போனேன்.

"பாம்புப் பெட்டி எண்டு சொன்னா என்ன அக்கா?"

"விளக்கு வைக்கிற நேரம் புள்ள. அந்த நேரத்தில அந்தப் பேரச் சொல்லுவாங்களா? பூச்சி எண்டுதான் சொல்லுற."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். பொழுதுபட்டபின் பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். இது ஏற்கெனவே வந்து, கண்ணாடிக்குள் கிடக்கிறது.

ஸ்டோர் நானா ஓட்டமாவடிக்காரர், முஸ்லிம். அவர்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லை. அவரிடமும் கேட்டேன்.

"பூச்சிக்கு என்ன பெட்டி எண்டு நானும் யோசிச்சன் தங்கச்சி. ஹோட்டல்காரர் எதையும் வளப்பாங்க எண்டு விட்டுட்டன்."

இவர்கள் இருவர் மீதும் கோபம் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. ஒருவர் பயத்தில் சொன்னார், மற்றவர் சொன்னதைக் கொடுத்தார். மேனேஜர் அப்படியல்ல. பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று அவர் கண்ணால் கண்டவர்.

"அந்தக் கூடு எதுக்கு இருந்தது எண்டு யோசிக்கல்லையா சேர்?"

"வெளிச்சம் வந்ததுதானே. இப்ப என்ன, முதலாளி வரமுதல் ஒரு துணியப் போட்டு மூடி விடும். செத்தா இன்னொண்டு எடுக்கலாம். அது வெறும் பூச்சி."

அவர் அதைச் சொன்னது காலை ஒன்பது மணிக்கு.

நான் துணி போடவில்லை. பாம்பைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வாழைச்சேனையில் இருக்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். போகும் வழியிலேயே முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், பெயர் பதவியோடு. வைத்தியர் பாம்புக்கு மருந்து கட்டுவது இதுதான் முதல் தடவை என்று ஒளிக்காமல் சொன்னார். கொழும்பில் உள்ள ஒரு வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து, கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார்.

இன்று பதினோராம் நாள். வயிற்றுப் புண் காய்கிறது. பாம்பு இன்னும் இரை எடுக்கவில்லை. இடது கண் தெளியுமா என்பது அடுத்த முறை தோல் உரித்த பிறகுதான் தெரியும். முதலாளி பதில் எழுதவில்லை. மேனேஜர் என்னோடு பேசுவதில்லை.