மாமனைப் போல ஒரு நொண்டல்

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் எனக்குக் குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தார்கள். தையல் பிரித்து, புண் ஆறி, அடுத்த சாமை அறுவடையும் முடிந்தது. வலி மட்டும் போகவில்லை. வலது தொடையிடுக்கில் வேட்டி உரசினாலே நெருப்புக் கங்கு பட்ட மாதிரி சுரீரென்று கீழே இறங்கும். காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தேன்.

வினை அங்கேதான் வந்தது. பலாமரத்திலிருந்து விழுந்த என் தாய்மாமனும் அதே காலை இழுப்பவர். அவர் நடையை நடித்துக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். எங்கள் அரியூர் நாட்டில், அந்த மலையூர்கள் அத்தனையிலும், அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. அவர் மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். நான் நிஜமாகவே நொண்ட ஆரம்பித்ததும் மாமன் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்: "என்னைய நக்கல் பண்றவனுக்கு எம்பொண்ணு எதுக்கு? தை மாசம் வேற எடம் பாத்துக்கறேன்."

ஊர் வைத்தியர் எண்ணெய் தடவ வந்தார். அவர் தொட்டதும் நான் துள்ளியதில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்ததுதான் மிச்சம். மறுபடியும் மலை இறங்கினேன்.

தழும்பில் நரம்பு மாட்டியிருக்கிறது என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டார். "இது கொஞ்ச நேரம்தான் தாங்கும். வலி நின்னா, அந்த நரம்புதான்னு தெரிஞ்சிடும். அப்புறம் அதை வெட்டிடலாம். அந்த இடம் மரத்தே கிடக்கும். வலி திரும்பாதுன்னு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

பாதியைத்தான் காதில் வாங்கினேன். வலி நின்றுவிட்டதே! மாமன் மிளகு விற்கும் அடிவாரச் சந்தைக்கு மாப்பிள்ளை மிடுக்கோடு நடந்தேன்.

"மாமா, பாத்தீங்களா நடைய?"

ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தேன். அப்ப இத்தன நாளா நொண்டுனது நடிப்புத்தானே?"

"அய்யோ, ஊசி போட்டாங்க மாமா!"

"ஒரே ஊசில நொண்டி போயிருமா? எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு." வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறக் கிளம்பிவிட்டார்.

கெஞ்சிக்கொண்டே பின்னால் போனேன். முதல் ஏற்றத்திலேயே மருந்தின் வேகம் விட்டுவிட்டது. கால் தானாக இழுத்தது.

"ஆரம்பிச்சுட்டான் பாரு" என்று திரும்பினார் மாமன். "எங்கடா வலிக்குது? காட்டு."

வேட்டியை விலக்கிக் காட்டினேன். அவர் அழுத்தக்கூட இல்லை. விரல் நுனி பட்டது, அவ்வளவுதான். பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மாமன் தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"வெட்டுனா செரியாயிருமா?"

"தெரியலைங்க மாமா."

"வெட்டாட்டி?"

"இப்படியேதானுங்க."

"எறங்கு. நானும் வாரேன்."

"அப்ப பொண்ணு விசயம்...?"

"மொதல்ல நீ நேரா நில்லு."

இருவரும் ஒரே பக்கக் காலை இழுத்து இழுத்துக் கீழே இறங்கினோம். எதிரே ஏறிவந்த பக்கத்துக் குண்டூர் நாட்டுக்காரர் ஒருவர் எங்களைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்டா, மாமனப் பக்கத்துல வெச்சுக்கிட்டேவா?"

"அவன் நடிக்கலைய்யா" என்றார் மாமன். "வழிய உடு."